கையுறை போட்டுப் பறித்த பூ

பூக்காரி முப்பிடாதியம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததை விசாலாக்ஷியின் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். வாடிப்போன பூச்செண்டு ஒன்று.

“இதுல நான் வெசம் வச்சிட்டேனாம். நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றாள்.

அழ வந்தவள் மாதிரி இல்லை. சண்டைக்கு ஆள் சேர்க்க வந்தவள் மாதிரி இருந்தாள்.

1967 அக்டோபர், புதன்கிழமை காலை. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது விசாலாக்ஷியின் துப்பறியும் அலுவலகம். பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். மேலதிகாரியின் மைத்துனன் எழுதிய விண்ணப்பத்தையும் பிடித்துவிட்டதால் ராஜினாமா செய்ய நேர்ந்தது. மறுவாரமே தன் பெயரில் போர்டு மாட்டிவிட்டாள். உதவியாளன் தளவாய் தாராவிக்காரன். மூட்டை தூக்கினான், டாக்ஸி ஓட்டினான், வாய்த்துடுக்கால் மூன்று இடங்களில் வேலையை இழந்தான். அந்த வாய்க்காகவே விசாலாக்ஷி அவனை வைத்துக்கொண்டாள்.

“உக்காருங்கோ. முதல்லேருந்து சொல்லுங்கோ” என்றாள் விசாலாக்ஷி.

முப்பிடாதியம்மாள் உட்காராமலே சொன்னாள். செம்பூருக்கும் கோவண்டிக்கும் நடுவில், ரயில் பாதை ஓரமாக, ஒரு தனியார் கம்பெனியின் கோதுமைக் கொட்டகைகள் இருக்கின்றன. அந்த ஆபீஸில் திங்கட்கிழமை ஒரு விழா. அங்கே டைப்பிஸ்டாக இருக்கும் ஷ்யாமளா மாட்டுங்காவில் குடியிருப்பவள், தினமும் முப்பிடாதியிடம் பூ வாங்குகிறவள். விழாவுக்கான செண்டையும் அவள்தான் வாங்கிக்கொண்டு போனாள். மேடையில் மேனேஜர் வெங்கடேஸ்வரன் அந்தச் செண்டை ஷ்யாமளாவின் கையில் கொடுத்துக் கௌரவித்தார். சாயந்திரமே அவள் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூச்சு இழுத்தது. நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மறுநாள் மேனேஜர் பூக்காரி மேல் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார்.

“வெள்ளிக்கெழம வந்து ஆஜராவுன்னு போலீஸ் சொல்லிட்டுப் போயிட்டு. பக்கத்துக் கடைக்காரவுக எங்கடைப் பலகையத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிட்டாவ. ஊருக்குப் போயிரு, ரெண்டு மாசங் கழிச்சு வான்னு ஆளாளுக்குச் சொல்லுதாவ. நான் ஏன் போவணும்? பன்னெண்டு வருசமா அந்த எடத்துல உக்காந்திருக்கேன். நேத்தே செம்பூருக்குப் போயி அவுக குப்பைத் தொட்டியில இருந்து இத எடுத்தாந்துட்டேன். நான் கட்டுன செண்டு. எங்கையிலதான் இருக்கணும்.”

“சாட்சியத்தையும் நீயே புடிச்சாந்துட்ட. இனி நாங்க கீழ போயி இட்லிக்கு மாவாட்ட வேண்டியதுதான்” என்றான் தளவாய்.

விசாலாக்ஷி பென்சில் நுனியால் செண்டைக் கிளறினாள். ரோஜா, சம்பங்கி. அவற்றுக்கு நடுவே ஜவ்வரிசி அளவில் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூக்கள். இலை கேரட் இலை மாதிரி இருந்தது.

“இது என்ன பூ?”

“தெரியாது. நான் கட்டும்போது இது இல்ல.”

“நீங்க அப்படித்தான் சொல்வேள். நம்பறதுக்கு ஏதாவது வேணுமே.”

“ஒரு ரோஜாவப் புடிச்சு இழுங்க, பாப்போம்.”

விசாலாக்ஷி இழுத்தாள். செண்டு மொத்தமும் கூடவே வந்தது.

“ஒவ்வொரு காம்பையும் வாழநாருல ரெண்டு சுத்து சுத்தித்தான் நான் கட்டுவேன். இப்ப அந்த வெள்ளைய இழுங்க.”

வெள்ளைப் பூக்கொத்து தனியாகக் கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே வந்தது. ஒன்றுகூட நாருக்குள் இல்லை. கட்டி முடித்த செண்டில் யாரோ பிற்பாடு செருகியிருக்கிறார்கள்.

தளவாய் குனிந்து பார்த்தான். உடனே தும்மினான். மறுபடி தும்மினான். ஜன்னலோரம் ஓடிப்போய் நின்று தும்மினான்.

“பதினொண்ணு” என்றாள் விசாலாக்ஷி. “நோக்கு என்ன ஆச்சு?”

“இது எனக்குத் தெரிஞ்ச தும்மல் மாமி” என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மூட்டை தூக்குன காலத்துல ஒரு வருசம் தும்முனேன். இதே கோவண்டிக் கொட்டகைதான். டாக்ஸில ஏறி உக்காந்த அன்னைக்கு நின்னது. இன்னைக்கு ஃபோகட்ல, காசில்லாம, திரும்பி வந்திருக்கு.”

விசாலாக்ஷி எழுந்து குடையை எடுத்தாள். “அப்போ பூ விக்கற இடத்தை விட்டுட்டு, பூ முளைக்கற இடத்துக்குப் போவோம். கர்சீப்பை நனைச்சு எடுத்துக்கோ.”

*

குர்லாவில் வண்டி மாறி செம்பூரில் இறங்கினார்கள். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. கொட்டகைகளைச் சுற்றி, மூட்டை கிழிந்து தானியம் சிந்திய இடமெல்லாம், இடுப்பளவு செடி மண்டியிருந்தது. உச்சியெல்லாம் வெள்ளைப் பூ. காற்று வீசியபோது மெல்லிய தூள் கிளம்பி வந்தது. அதற்குப் பின்னால் முப்பது நாற்பது குடிசைகள்.

கொட்டகை வாசலில் ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். பெயர் ஆறுமுகத்தாய். முழங்கை வரைக்கும் அவள் தோல் தடித்து, கறுத்து, வெடித்திருந்தது. தளவாய் தன் தெருவைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொன்னதும் பேச ஆரம்பித்தாள்.

“ரெண்டு வருசமா இருக்கு இந்தச் செடி. கப்பல் கோதுமையோட வந்த வெதையா இருக்கும்னு பேசிக்கிடுதாவ. பூ பூத்துட்டா எங்களுக்கு மூச்சு முட்டும், தோலு அரிக்கும். நாப்பது பேருக்கு இப்படி. மேனேஜர் ஜீப்புல வந்தான். எறங்காமலே பாத்தான். தொத்து வியாதின்னு சொல்லிட்டுப் போனான். தொத்து வியாதிக்காரங்க இங்க இருக்கக்கூடாதாம், எங்க குடிசை, ஜோப்படியெல்லாம் இடிக்கணுமாம்.”

அவள் சொன்னதில் இன்னொன்றும் தெரிந்தது. நாளை காலை பதினொரு மணிக்கு இந்த விஷயமாக அரசாங்க அதிகாரி ஒருவர் விசாரணை நடத்துகிறார். கம்பெனியே கூட்டிவந்த டாக்டர், இது தொற்று வியாதி இல்லை, செடியால் வருவது என்று எழுதிக் கொடுத்திருந்தார். மேனேஜர் அதை மறைத்துவிட்டார். அதை டைப் அடித்தவள் ஷ்யாமளா. அவளிடம் கார்பன் நகல் இருக்கிறது. தொழிலாளிகள் பக்கம் அவள் ஒருத்திதான் சாட்சி.

“அவிய வரலேன்னா எங்க பேச்ச யாரு கேப்பா?” என்றாள் ஆறுமுகத்தாய்.

“இந்தச் செடியை யாராவது வெட்டிண்டு போனாளா?” என்று கேட்டாள் விசாலாக்ஷி.

ஆறுமுகத்தாய் விளக்குமாற்றைத் தட்டிச் சரிசெய்தாள். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “ஞாயித்துக்கெழம ஒரு ஆளு வந்தாவ. மழைக்கோட்டு போட்டு, மூஞ்சில ஈரத்துணி கட்டியிருந்தாவ. கையில ரப்பர் உறை. ஒரு கட்டு வெட்டிட்டுப் போனாவ. நான் தூரத்துல இருந்துதான் பாத்தேன்.”

“மழை விட்டப்பெறவு மழைக்கோட்டு. பூப்பறிக்கக் கையுறை. கோயிலுக்குப் பறிக்க வந்த ஆளு இல்ல மாமி” என்றான் தளவாய்.

*

மேனேஜர் வெங்கடேஸ்வரன் அவர்களை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தார். ஐம்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, மண் படாத பூட்ஸ். விசாலாக்ஷி மாட்டுங்கா என்று தெரிந்ததும் குரல் குழைந்தது.

“நீங்க எதுக்கு இந்தப் பூக்காரிக்காக அலையறேள்? செண்டு எனக்குன்னு வாங்கினது. ஜெனரல் மேனேஜரா ஆயிருக்கேன், ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து கொடுத்தா. என் கையில இருந்திருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்கோ.”

“உங்க கையில இல்லையா?”

“வாங்கி மோந்து பாத்தேன். அன்னிக்குன்னு விசாரணை ஆபீசர் கொட்டகையைப் பாக்க வந்திருந்தார். அவரையும் முன்வரிசையில உக்கார வச்சிருந்தோம். தொழிலாளிகளுக்காகப் பேசற பொண்ணு மேல எனக்கு விரோதம் ஒண்ணும் இல்லேன்னு அவர் பாக்கட்டுமேன்னு, ‘பத்து வருஷம் உழைச்ச ஷ்யாமளாவுக்குத்தான் இந்தக் கௌரவம்’னு சொல்லி அவகிட்டயே கொடுத்துட்டேன். என்ன கைதட்டல் தெரியுமோ. அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினேன். பக்கத்துலயே செண்டை அணைச்சுண்டு நின்னுண்டிருந்தா, பாவம்.”

அவர் கைகளை விசாலாக்ஷி பார்த்தாள். சுத்தமாக இருந்தன, ஒரு தடிப்புகூட இல்லை.

போலீஸுக்குக் கொடுத்த புகாரின் நகலை அவரே எடுத்து நீட்டினார். “டாக்டர் சொன்னபடி எழுதியிருக்கேன். அந்தப் பூக்காரிகிட்டக் காட்டுங்கோ. தானா ஊரைப் பாக்கப் போயிடுவா.”

செண்டில் இருந்த வெள்ளைப் பூக்கள் கொடிய விஷம் உடையவை, அவற்றைத் தொட்டதாலும் முகர்ந்ததாலும்தான் எங்கள் ஊழியருக்கு உயிராபத்து ஏற்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவருடைய நீளமான கையெழுத்து.

விசாலாக்ஷி அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “ரொம்ப உபகாரம்” என்றாள்.

*

திரும்பி வரும் ரயிலில் தளவாய் கை இரண்டையும் தேய்த்துக்கொண்டான்.

“காலி பீலி, வெட்டியா ஒரு நாள் அலைஞ்சோம் மாமி. ஆளு அவன்தான். நாளைக்குச் சாட்சி சொல்லப் போறவிய கையில வெசச் செண்டக் குடுத்துட்டு, எதுத்தாப்புல நின்னு முக்கா மணி நேரம் பேசியிருக்கான். அந்தப் பேச்சுக்கே மூணு மாசம் உள்ள போடலாம்.”

“அவர் மோந்து பாத்தார், தளவாய். மழைக்கோட்டும் கையுறையும் மாட்டிண்டு செடியை வெட்டின ஆள், மறுநாள் அதுல மூக்கை வைக்குமோ? இவருக்கு அது என்ன பூன்னே தெரியாது. ஜீப்பை விட்டு இறங்காதவர்.”

“அப்ப வேற எவன்?”

“எவன் எவன்னு நீதான் சொல்லிண்டிருக்கே. ஆறுமுகத்தாய் என்ன சொன்னா? மேனேஜரைப் பத்திப் பேசறச்சே?”

“வந்தான், பாத்தான், போனான்னா.”

“செடி வெட்டின ஆளைப் பத்தி?”

தளவாய் அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். “வந்தாவ. போட்டிருந்தாவ. வெட்டிட்டுப் போனாவ.”

“உங்க ஊர்ப் பேச்சு, நீதான் சொல்லணும். ‘வந்தாவ’ன்னா ஆம்பளையா, பொம்மனாட்டியா?”

“ரெண்டுக்கும் அதேதான் மாமி. மரியாதையாச் சொல்லுதது.”

“முகத்தை மூடிண்டு தூரத்துல நின்ன யாரோ ஒரு ஆளுக்கு அவ ஏன் மரியாதை கொடுக்கணும்? மேனேஜருக்கே கொடுக்காதவ. ஆள் யாருன்னு அவளுக்குத் தெரியும். நம்மகிட்ட மறைச்சுட்டா. அந்த நாப்பது பேரும் சேர்ந்து மறைக்கிற ஆள் யாரா இருக்க முடியும்?”

வண்டி குர்லாவில் நின்றது. இறங்க வேண்டியவன் உட்கார்ந்தே இருந்தான்.

“ஷ்யாமளாம்மாவா?” என்றான். விசாலாக்ஷிதான் அவன் சட்டையைப் பிடித்து இறக்கினாள்.

*

நர்சிங் ஹோமில் ஷ்யாமளா மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணிமைகள் தடித்து, கழுத்து முழுக்கச் சிவந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுக்காக நின்றாள். வரும் வழியில் முப்பிடாதியம்மாளையும் அழைத்து வந்திருந்தார்கள். அவள் கதவருகே நின்றாள்.

விசாலாக்ஷி சுற்றி வளைக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை கையுறை போட்டுண்டு போனது நீதானே?”

ஷ்யாமளா மறுக்கவில்லை.

“இந்தச் செடி கொத்தமல்லி மாதிரி, ஒண்ணும் பண்ணாதுன்னு மேனேஜர் விசாரணைக்குக் கொடுத்த அஃபிடவிட்ல கையெழுத்துப் போட்டார். அதையும் நான்தான் டைப் அடிச்சேன். பூனா காலேஜ்ல தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு எழுதிக் கேட்டேன். அங்கெல்லாம் இது பரவிண்டு வரதாம், கேரட் புல்லுன்னு சொல்றாளாம். அமெரிக்காவுல ராக்வீட்னு ஒரு செடி, அதோட மகரந்தம் காத்துல வந்து ஊரையே தும்ம வைக்குமாம். அதுக்கு இது பங்காளின்னு எழுதியிருந்தார். அந்தக் கடிதாசைக் காட்டினேன். மேனேஜர் சிரிச்சார்.” அவள் மூச்சு வாங்கினாள். “திங்கக்கிழமை ஆபீசர் வராரேன்னு தெரிஞ்சுது. செண்டை வச்சுண்டுதான் மேனேஜர் பேசுவார். ஆபீசர் எதிர்ல தும்மட்டும், கண்ணுல ஜலம் கொட்டட்டும், அப்போ எழுந்து ‘இது நம்ம கொட்டகைச் செடிதான்’னு சொல்லிடலாம்னு இருந்தேன். அவர் எங்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார். எல்லாரும் கைதட்டறா. கையுறை பையில இருந்தது. என்ன பண்ணுவேன்?”

“உன் கணக்கே தப்பு” என்றாள் விசாலாக்ஷி. “மாசக்கணக்கா அதுலயே புழங்கினவாளுக்குத்தான் உடம்பு அப்படிப் பொங்கறது. அவர் தும்மியிருக்கவே மாட்டார். ரெண்டு வருஷமா அந்த ஜன்னலோரம் உக்காந்து டைப் அடிச்சவ நீ. செத்திருப்பே.”

முப்பிடாதியம்மாள் கட்டிலருகே வந்தாள்.

“எங்கடையத் தூக்கி ரோட்டுல எறிஞ்சது உங்களுக்குத் தெரியுமா?”

ஷ்யாமளா கண்ணைத் தாழ்த்தினாள். “தெரியும். நர்ஸ் சொன்னா.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்திய?”

“நாளைக்கு விசாரணை முடிஞ்சதும் சொல்லிடணும்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா என் சாட்சி செல்லாதுன்னுடுவா. நாப்பது குடும்பம் அம்மா.”

“நாப்பது குடும்பத்துக்காவ ஒரு குடும்பம் போனாப் போவட்டும்னு நெனச்சிருக்கிய. அந்த ஒண்ணு என் குடும்பம்.” அவள் குரல் உயரவில்லை. “நித்தம் காலையில எங்கிட்டப் பூ வாங்கி வச்ச தலைதான இது?”

ஷ்யாமளா தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்ன பண்ணணும்னு சொல்லுங்கோ. செய்யறேன்” என்றாள்.

“நாளைக்கு அங்க வாங்க. எல்லாத்துக்கும் முன்னால உங்க வாயால சொல்லுங்க. எழுதிக் குடுத்துட்டு இங்கனயே படுத்துக்கிடக்கூடாது.”

“சொன்னா மேனேஜர் இவியளப் புடிச்சு உள்ள தள்ளிருவாரே” என்றான் தளவாய். “நாப்பது பேரு கேசும் சேந்து போயிரும்.”

விசாலாக்ஷி கைப்பையிலிருந்து புகாரின் நகலை எடுத்துப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

“போகாது” என்றாள். “இவ சொல்லட்டும். கேட்டதும் அவருக்குக் கோபம் வந்து எழுந்து நிக்கணும். நமக்கு அது போதும்.”

*

வியாழக்கிழமை பதினொரு மணி. செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் விசாரணை. ஷ்யாமளா போக வேண்டாமென்று நர்சிங் ஹோம் டாக்டர் சொல்லிப் பார்த்தார். பிறகு ஊசி போட்டு, நர்ஸையும் கூட அனுப்பினார். தளவாயும் இன்னொருவனும் ஷ்யாமளாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். கொட்டகை ஆட்கள் படிக்கட்டில் இருபுறமும் ஒதுங்கி நின்றார்கள்.

அதிகாரி வயதான மராட்டியர். நிதானமான இங்கிலீஷில் பேசினார். ஷ்யாமளா முதலில் டாக்டர் அறிக்கையின் நகலைக் கொடுத்தாள். பிறகு நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பின்னால் நிற்பவர்களுக்கும் புரிய வேண்டுமென்று ஒவ்வொன்றையும் இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னாள். செடியை வெட்டியது தான், செண்டில் செருகியது தான். அது மேனேஜருக்காகச் செய்தது. பூக்காரிக்கு எதுவும் தெரியாது. அந்த அம்மாளின் பிழைப்பு போவது தெரிந்தும் இரண்டு நாள் வாய் மூடியிருந்தேன், அது என் குற்றம் என்று முடித்தாள்.

படிக்கட்டில் முணுமுணுப்பு எழுந்தது. வெங்கடேஸ்வரன் வக்கீலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“கேட்டீர்களா? இவளே ஒத்துக்கொண்டாள். என்னைக் கொல்லத் திட்டம் போட்டிருக்கிறாள். அந்த விஷத்தை நான் முகர்ந்து பார்த்தேன்.”

“எந்த விஷம்?” என்று கேட்டார் அதிகாரி.

“அந்த வெள்ளைப் பூதான்.”

வக்கீல் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். நேரம் கடந்துவிட்டது. விசாலாக்ஷி எழுந்து அனுமதி கேட்டாள். புகாரின் நகலை மேஜைமேல் வைத்தாள். செண்டிலிருந்த கொத்து ஒன்றையும், கொட்டகை வாசலில் அன்று காலை வெட்டிய கொத்து ஒன்றையும் மூடிபோட்ட இரண்டு கண்ணாடிச் சீசாக்களில் வைத்தாள்.

“இரண்டும் ஒரே செடி. இவருடைய இரண்டு காகிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. பிரமாணப் பத்திரத்தில் இந்தச் செடி கொத்தமல்லி மாதிரி. போலீஸ் புகாரில் கொடிய விஷம். இரண்டிலும் ஒரே கையெழுத்து. எதை வாபஸ் வாங்குகிறார் என்று கேளுங்கள். செடி தீங்கில்லாதது என்றால் பூக்காரி மேலும் குற்றமில்லை, இந்தப் பெண் மேலும் குற்றமில்லை. விஷம் என்றால் இந்த நாற்பது பேர் சொல்வது உண்மை.”

வெங்கடேஸ்வரன் இரண்டு சீசாக்களையும் மாறிமாறிப் பார்த்தார். “அது வேறு செடி, இது வேறு” என்றார். “எங்கள் கொட்டகைச் செடி ஒன்றும் செய்யாது.”

அதிகாரி இரண்டாவது சீசாவின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். “அப்படியானால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை வைத்திருந்தால் போதும்.”

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகத்தாய் தன் புடவைத் தலைப்பை விலக்கி, வெடித்த இரண்டு கைகளையும் அவர் எதிரே நீட்டிக் காட்டினாள்.

மேனேஜரின் கை மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் அதிகாரி குமாஸ்தாவிடம்.

குடிசைகளை இடிக்கும் உத்தரவு நின்றது. கம்பெனி தன் செலவில், கையுறை கொடுத்து ஆள் வைத்து, விதை விழுவதற்குள் செடிகளை வேரோடு எடுக்க வேண்டும். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். ஷ்யாமளாவைப் பற்றியும் அதிகாரி எழுதச் சொன்னார். நீங்கள் குறி வைத்தவர் தப்பித்தார், குறி வைக்காத ஒருத்தி கடையை இழந்தாள், உங்கள் நோக்கம் எதுவானாலும் இது தவறு என்றார். ஷ்யாமளா தலையசைத்தாள்.

மேனேஜர் சார்பில் வக்கீல் அன்று மாலையே போலீஸ் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை முப்பிடாதியம்மாள் அதே இடத்தில் பலகையைப் போட்டாள். எறிந்த கடைக்காரர்களில் ஒருவன் அதன் ஒரு முனையைப் பிடிக்க வந்தான். “தேவையில்ல, எனக்குத் தூக்கத் தெரியும்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை, நர்சிங் ஹோமிலிருந்து வீடு திரும்பிய ஷ்யாமளா கடைமுன் வந்து நின்றபோது முப்பிடாதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கழுத்துப் புண்ணு ஆறட்டும். பெறவு வாங்க” என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று ஷ்யாமளாவுக்குப் புரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு ஷ்யாமளா ஆபீஸுக்குப் போனாள். யாரும் அவளிடம் பேசவில்லை. பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். அந்த ஆபீஸில் டைப்பிஸ்ட் அவள் ஒருத்திதான்.

“ஒரு லெட்டர். உன் பேருக்கு” என்றார்.

அவள் மெஷினில் காகிதத்தைச் செருகினாள். “எத்தனை காப்பி, ஸார்?”

“மூணு.” அவர் நின்றுகொண்டே சொன்னார். “இன்று முதல் தங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம். காரணம்…”

ஷ்யாமளா அதுவரை அடித்துவிட்டு, விரல்களைச் சாவிகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கையில் உறை மாட்டி, முகத்தில் ஈரத்துணி கட்டி, செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷப் பூவை வைத்தாள் என்று எழுதினால் அது விஷம் என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டதாகும். பூவை வைத்தாள் என்று மட்டும் எழுதினால், பூ வைத்ததற்கு யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது.

“காரணம், ஸார்?” என்றாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். டைப் மெஷினைப் பார்த்தார்.

“அப்புறம் சொல்றேன். நீ போ.”

“நாளைக்கு ஒன்பதரைக்கு வருவேன், ஸார். ஞாபகம் வந்தா சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு, பாதிக் கடிதத்தை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.